உடல் நலமும் நம் சுற்றமும்

(தில்லியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா என்றால் இசையும் நாடகமும் குழந்தைகளின் நடனமும் இடம் பெறுவது வழக்கம். அவற்றினிடையே உடல் நலத்தைப் பற்றியும் சிறிது நேரம் பேசப்பட வேண்டுமென்று நம் சங்கத்தார் விரும்பியிருக்கிறார்கள். அதிலும் பகல் விருந்துக்குச் சற்று முன்னதாக இப்பேச்சை அமைத்த செயலாளர் அவர்களின் துணிவைப் பாராட்டுகிறேன். பசியோடிருப்பவர் உணவைப் பற்றிய பேச்சைக் கவனமாகக் கேட்பார் என்று அவர் எண்ணியிருக்கலாம்.

உடல் நலம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தனி மனிதனை நோக்கியே பேசுகின்றனர். அளவாக உண்ணுங்கள், நாள்தோறும் நடங்கள், சர்க்கரையைக் குறையுங்கள், கவலையை ஒழியுங்கள் என்னும் அறிவுரைகள் நமக்குப் புதியன அல்ல. அவற்றை அறியாதவர் இவ்வவையில் ஒருவரும் இரார். அறிந்திருந்தும் அவை ஏன் நடைமுறைக்கு வருவதில்லை? நமக்கு மன உறுதி போதாது என்று கூறிவிடுவது எளிது. நான் இன்று வேறொரு கருத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஒருவர் என்ன உண்கிறார், எவ்வளவு நடக்கிறார், எப்போது உறங்குகிறார் என்பவற்றை அவர் மட்டும் முடிவு செய்வதில்லை. அவருடைய வீடு, அலுவலகம், தெரு, அண்டை அயலார், வருவாய் ஆகிய யாவும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. ஆகையால் உடல் நலத்தைக் காப்பது தனியொருவரின் கடமை மட்டுமன்று. நம்முடையதைப் போன்ற ஒரு சங்கத்தின் கடமையுமாகும்.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதியை உண்ணும் முறைக்கே ஒதுக்கினார். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளை வகுக்கிறார். நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து துணை செய்பவனையும் நான்காவதாகச் சேர்க்கிறார். நோய் வந்த பின் ஒரு துணை வேண்டுமென்றால், நோய் வராமற் காப்பதற்குத் துணை வேண்டாவா? உலக சுகாதார நிறுவனமும், 1948இல் நடைமுறைக்கு வந்த தன் அமைப்பு விதியில், நோயில்லாமை மட்டுமே நலமாகாது. உடலாலும் உள்ளத்தாலும் சமூக வாழ்வாலும் நிறைவுற்றிருப்பதே நலம் என்று வரையறுத்தது.

அலுவலகம் கற்பிக்கும் பாடம்

இங்கே கூடியிருப்போரில் பலர் அரசு அலுவலர்கள். அல்லது அவர்களுடைய மக்கள். எனவே அலுவலர்களைக் கொண்டே நடைபெற்ற இரண்டு ஆராய்ச்சிகளை முதலில் கூறுகிறேன்.

இலண்டன் மாநகரில் மாடிப் பேருந்துகள் ஓடுவதை நீங்கள் அறிவீர்கள். ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் அப்பேருந்துகளின் ஓட்டுநரையும் நடத்துநரையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, 1953இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பவர். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக மேலும் கீழுமாக நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குபவர். ஒரே நிறுவனம், ஒரே பேருந்து, ஒரே தெரு. ஆயினும் நடத்துநர்க்கு இதய நோய் குறைவாகவே வந்தது. வந்தபோதும் அதன் கடுமை குறைந்திருந்தது. அவ்வறிஞர் அத்துடன் நில்லாமல், இரு சாராருடைய சீருடைகளின் இடுப்பளவையும் ஆராய்ந்தார். ஓட்டுநர்கள் பணியில் சேரும்போதே சற்றுப் பருத்திருந்தனர் என்பது தெரிந்தது. ஆகவே முழு வேறுபாட்டிற்கும் படிகளே காரணம் என்று கொள்ளலாகாது. ஆனால் அஞ்சல் துறையிலும், நடந்தும் சைக்கிளில் சென்றும் கடிதம் வழங்குவோர் அமர்ந்து எழுதுவோரை விட நலமாயிருக்கக் கண்டார்கள். உடலுழைப்பு இதயத்தைக் காக்கிறது என்பது பின்வந்த ஆராய்ச்சிகள் பலவற்றால் உறுதிப்பட்டது.

இரண்டாவது ஆராய்ச்சி 1967இல் தொடங்கியது. இலண்டனில் ஒயிட்ஹால் என்பது நம் தில்லியின் செக்ரடேரியட்டைப் போன்றது. அங்குப் பணியாற்றிய பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தார்கள். மைக்கேல் மார்மட் என்னும் அறிஞர் இதன் முடிவுகளை உலகறியச் செய்தார். கடைநிலை ஊழியர்கள் உயர் அதிகாரிகளை விட மூன்று மடங்குக்கும் மேலாக இதய நோயால் இறந்தனர். இவர்களில் எவரும் பட்டினி கிடப்பவர் அல்லர். அனைவருக்கும் இலவச மருத்துவ வசதி இருந்தது. புகை பிடித்தல், இரத்த அழுத்தம், கொழுப்பு முதலியவற்றையெல்லாம் கணக்கிட்ட பின்னரும் அவ்வேறுபாட்டின் பெரும்பகுதி எஞ்சி நின்றது. அதனினும் வியப்பானது, நோய் படிப்படியாக அமைந்திருந்தமை. பதவியில் ஒரு படி இறங்கினால் நோயில் ஒரு படி ஏறியது. 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆராய்ச்சி, தம் வேலையைத் தாமே திட்டமிடும் உரிமையற்றவர்க்கு இதய நோய் மிகுதி என்று காட்டிற்று. குவார்ட்டர்ஸின் 'டைப்' எண்ணைக் கொண்டு மனிதரை அளக்கும் இத்தில்லி மாநகரில் இச்செய்தியை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். ஒருவரை மதித்து நடத்துவதும் அவருடைய நலத்திற்குச் செய்யும் தொண்டேயாகும்.

சைக்கிள் போயிற்று, படிக்கட்டும் போயிற்று

இத்தில்லிக்கு வந்து குடியேறிய நம் முந்தைய தலைமுறையினர் கரோல்பாகிலிருந்தும் லோதி காலனியிலிருந்தும் அப்போது வினய் நகர் என்று பெயர் பெற்றிருந்த சரோஜினி நகரிலிருந்தும் சைக்கிளில் அலுவலகம் சென்றனர். அவர்கள் உடற்பயிற்சி செய்வதாக எண்ணவில்லை. வேலைக்குப் போவதாகவே எண்ணினர். வீட்டுப் பெண்கள் அரைத்தனர், இடித்தனர், துவைத்தனர். மாலையில் புல்வெளியில் அண்டை வீட்டாரோடு அமர்ந்து பேசினர்.

இன்றைய நிலை வேறு. பழைய அரசுக் குடியிருப்புகள் பல இடிக்கப்பட்டு, மின்தூக்கிகளோடு கூடிய அடுக்கு மாடிகளாக எழுகின்றன. நம்மவர் பலர் மயூர் விஹாருக்கும் துவாரகைக்கும் நொய்டாவுக்கும் குருகிராமத்துக்கும் சென்றுவிட்டனர். மாவரைக்க இயந்திரம், துவைக்க இயந்திரம், காய்கறி வாசலுக்கே வந்துசேர ஒரு தொலைபேசி. இவை தீமையல்ல; பெண்களின் முதுகொடிந்த உழைப்பைக் குறைத்த நன்மைகளே. ஆனால் உழைப்பு போன இடத்தில் அசைவின்மை வந்து அமர்ந்துவிட்டது. 2024இல் வெளியான உலகளாவிய கணக்கெடுப்பொன்றின்படி, 2022இல் நம் நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் போதிய உடலசைவு இல்லாதவர்கள். ஆண்களில் நூற்றுக்கு 42 பேர் என்றால் பெண்களில் நூற்றுக்கு 57 பேர்.

பெண்கள் ஏன் பின்தங்கினர்? அவர்களுக்குச் சோம்பல் மிகுதி என்று யாரேனும் கூறத் துணிவரோ? காலையில் கணவர் நடந்துவிட்டு வருகையில் அவர் மனைவி சமையலறையில் மூன்று டிஃபன் பெட்டிகளை நிரப்பிக்கொண்டிருக்கிறார். மாலையிலோ பூங்காவில் விளக்கில்லை. தனியே செல்ல அச்சம். இங்கே தடையாயிருப்பது காலமும் வெளிச்சமும் துணையும் இல்லாமையே.

தமிழ்நாட்டிலிருந்து நாம் அழைத்து வந்து நம்முடன் வைத்துக்கொண்டுள்ள பெற்றோரையும் ஈண்டு நினைவுகூர வேண்டும். ஊரில் அவர்கள் கோயிலுக்கு நடந்தார்கள், கடைக்கு நடந்தார்கள், வழியில் பத்துப் பேரிடம் நின்று பேசினார்கள். இங்கே ஆறாவது மாடியில், இந்தி அறியாமல், பகலெல்லாம் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கிறார்கள். பிள்ளையும் மருமகளும் அன்பில் குறை வைக்கவில்லை; மருந்தும் வேளை தவறாமல் கிடைக்கிறது. ஆயினும் அவர்கள் தளர்கிறார்கள். தனிமையும் ஒரு நோய்க் காரணமென்று இன்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் மனிதர்களிடையிலான உறவுத் தொடர்பை ஆராயவென்றே ஒரு குழுவை நியமித்தது.

வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலசைவும், குறைந்தது இரண்டு நாட்கள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் பெற வேண்டும் என்பதும், 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடங்கள் ஓடியாட வேண்டும் என்பதும் அந்நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல். தில்லியில் வாழும் நமக்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. நவம்பர் முதல் ஜனவரி வரை விடியற்காலைக் காற்று மிகவும் மாசுபட்டிருக்கும். அந்நாட்களில் இருளில் எழுந்து நடப்பதை விட, காற்றின் தரம் சற்றுத் தேறும் நண்பகல் வெயிலில் நடப்பது நன்று. காற்று மிகக் கெட்டிருக்கும் நாட்களில் வீட்டினுள்ளேயே பயிற்சி செய்க.

தட்டில் இருப்பது என்ன?

இனி உணவுக்கு வருவோம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918இல் நம் குன்னூரில் சிறு ஆராய்ச்சிக் கூடமாகத் தோன்றியது என்பதை உங்களுள் பலர் அறிந்திரார். அங்கே ராபர்ட் மக்காரிசன் என்னும் அயர்லாந்து மருத்துவர் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளைத் தனித்தனியே அளித்து வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பருப்பு, பால், நெய், பசுங்காய்கறி ஆகியவை கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் செழித்து வளர்ந்தன. தீட்டிய அரிசியை மிகுதியாகவும் பாலையும் காய்கறியையும் குறைவாகவும் கொண்ட வங்காள, சென்னை மாகாண உணவுகளை உண்டவை கடைசி வரிசையில் நின்றன. எல்லாம் ஒரே இனத்து எலிகள். வேறுபட்டது தட்டு மட்டுமே.

இதைக் கேட்டு நம் சோற்றை இகழ வேண்டா. நம் முன்னோர் நெல்லைப் புழுக்கி அரிசியாக்கினர். புழுக்கும்போது உமியையும் தவிட்டையும் ஒட்டிய பி-1 ஊட்டச்சத்து அரிசியின் உள்ளே புகுந்து தங்கிவிடுகிறது. அதனால் பெரிபெரி நோய் தடுக்கப்பட்டது. அன்றியும், சிறந்த உணவு என்று பாராட்டப்பட்ட வடபுலத்து உணவும் உழைப்பு நீங்கிய பின் காவல் செய்யவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடைபெற்று 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 11.4 பேருக்கு, அதாவது பத்துக் கோடிப் பேருக்கு மேல், நீரிழிவு உள்ளது. தமிழ்நாட்டில் 14.4, சண்டீகரிலோ 20.4. சோறு உண்பவரும் ரொட்டி உண்பவரும் ஒரே மருத்துவமனை வரிசையில் நிற்கின்றனர்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லிலிட்டர், கொட்டை வகைகள் 35 கிராம், எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம் என்று வகுக்கிறது. இதனோடு நம் வீட்டு நாளை ஒப்பிட்டுப் பாருங்கள். காலையில் இட்லி, பகலில் சோறு, மாலையில் ஒரு வடை, இரவில் தோசை. நாளின் பெரும்பங்கு மாவும் அரிசியும். காய்கறி ஓரத்தில் ஒரு கரண்டி. இட்லிக்கு உளுந்து துணை நிற்பது உண்மையே. ஆனால் அளவில் அரிசியே மிகுதி.

முருங்கைக்கீரையும் வாழைத்தண்டும் கிடைக்கவில்லை என்று நம்மில் பலர் வருந்துகிறோம். ஆனால் குளிர்காலத் தில்லி ஒரு பச்சைக் களஞ்சியம். சப்ஜிக்காரரின் வண்டியில் பாலக், மேத்தி, பதுவா, சர்சோன் ஆகியவை குவிந்து கிடக்கின்றன. சௌலாய் என்பது நம் முளைக்கீரையின் இனமே. லௌகி நம் சுரைக்காய். தோரி நம் பீர்க்கங்காய். மேத்தியைக் கூட்டாகவும் பதுவாவை மசியலாகவும் செய்து பாருங்கள். நெல்லிக்காயும் கொய்யாவும் அப்பருவத்தில் மலிவு. ஊரை விட்டு வந்த நாம் இம்மண் விளைவிப்பதையும் ஏற்றுக்கொள்ளுதல் நலம்.

சேலத்தில் 1918இல் பிறந்து, நாட்டின் ஊட்டச்சத்து ஆராய்ச்சியை வளர்த்த மருத்துவர் சி. கோபாலன் 1980இல் இத்தில்லியிலேயே இந்திய ஊட்டச்சத்து அறக்கட்டளையை நிறுவினார். ஊட்டக் குறைவை மாத்திரையால் மட்டும் தீர்த்துவிட முடியாது, நல்லுணவே தீர்வு என்பது அவர் ஓயாது வற்புறுத்திய கொள்கை. உணவை ஒரு சமுதாயமே மாற்ற முடியும் என்பதற்கும் சான்றுண்டு. காமராசர் ஆட்சியில் 1956இல் பள்ளிகளில் பகலுணவுத் திட்டம் விரிந்தது. 1982இல் அது சத்துணவுத் திட்டமாகப் பெருகியது. 2001இல் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் அரசுப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க ஆணையிட்டது. பிள்ளைகள் சாதி வேறுபாடின்றி ஒரே வரிசையில் அமர்ந்து உண்டதும் அத்திட்டத்தின் ஊட்டமேயாகும்.

கடைசியில் உண்பவர்

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடைபெற்றது. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச் சோகை. அவ்வயது ஆண்களில் 25 பேருக்கு. மாதவிடாயும் மகப்பேறும் ஒரு காரணம். மற்றொரு காரணம் நம் வீட்டு வழக்கம். அனைவருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சியதை உண்பவர் இல்லத்தரசி. கூட்டு தீர்ந்திருக்கும், சோறும் இரசமும் எஞ்சியிருக்கும். இதனை நாம் தியாகம் என்று புகழ்ந்துவிட்டோம். புகழ்ச்சியால் இரத்தம் ஊறாது. பரிமாறத் தொடங்குமுன் அவருடைய பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். கூடுமாயின் சேர்ந்தே உண்ணுங்கள். உணவோடும், உண்டவுடனும் காப்பியோ தேநீரோ பருகினால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் கழித்துப் பருகுக. நெல்லிக்காயோ எலுமிச்சையோ உடனுண்டால் அச்சத்து நன்கு சேரும்.

காலனிக்கு வெளியே இருக்கும் நம்மவரையும் மறத்தலாகாது. ஜங்புரா அருகே பாரபுல்லா வடிகாலின் கரையில் பல்லாண்டுகளாக இருந்த 'மதராசி கேம்ப்' 2025 ஜூன் 1ஆம் நாள் நீதிமன்ற ஆணையின்படி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 குடும்பங்கள். அவற்றில் பாதியளவினரே நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுடையோராகக் கணக்கிடப்பட்டனர். அவ்வாணையின் நியாயத்தை ஆராய்வது இன்று என் வேலையன்று. ஒரு மருத்துவனாக நான் கேட்பது இது: அண்டை வீடுகளில் வேலை செய்து பிழைத்த ஒரு தாய் நகரின் வட கோடிக்குச் சென்றுவிட்டால், அவருடைய வேலை என்னாகும்? அவ்வேலையில் கிடைத்த ஊதியத்தால் வாங்கிய பாலும் முட்டையும் என்னாகும்? தமிழ் கற்பிக்கும் பள்ளிக்கு வந்த குழந்தை எத்தனை மணி நேரம் பேருந்தில் செலவிடும்? அத்தாயிடம் போய்ப் பழம் உண்ணுங்கள் என்று அறிவுரை கூறுவது எவ்வகையில் பொருந்தும்? நலத்தின் வேர் வாழும் இடத்திலும் வருவாயிலும் இருக்கிறது என்பதை இதனினும் தெளிவாக எந்த ஆராய்ச்சியும் காட்டாது.

சங்கம் செய்யத்தக்கவை

இறுதியாகச் சங்கத்தின் முன் ஐந்து வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, பூங்காவில் வாரம் ஐந்து நாட்களேனும் கூட்டு நடை. பெண்கள் வரத்தக்க நேரத்தை அவர்களே முடிவு செய்யட்டும். அந்நேரத்தில் சமையலறையை ஆண்கள் ஏற்கட்டும். விளக்குக்காக நகராட்சிக்குச் சங்கத்தின் பெயரால் விண்ணப்பம் அனுப்புவோம்.

இரண்டாவது, விளையாட்டு இடத்தை வண்டி நிறுத்துமிடமாக மாற்றாதிருத்தல். மாலை ஐந்து முதல் ஆறு வரை நம் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி வகுப்பு வேண்டா. ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும் ஓடியாட வேண்டும்.

மூன்றாவது, நம் விருந்துகள். ஓர் இனிப்பு போதும். ஒரு கீரையும் ஒரு சுண்டலும் சேரட்டும். வேண்டாம் என்பவரை வற்புறுத்துவது உபசாரமாகாது. சமைத்தவர்களும் துப்புரவு செய்பவர்களும் முதற்பந்தியில் அமரட்டும், நிர்வாகிகள் பரிமாறட்டும்.

நான்காவது, ஆண்டிற்கொருமுறை உடற்பரிசோதனை நாள். இடுப்பளவு, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, இரத்தச் சோகை ஆகிய நான்கையும் பார்த்தால் போதும். ஆசிய மக்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் இடுப்பளவின் எல்லை. நம் வீடுகளில் வேலை செய்வோர்க்கும் காவலாளிகளுக்கும் இது கட்டணமின்றி நடைபெற வேண்டும். நரேலாவுக்குச் சென்ற நம்மவரிடமும் ஆண்டில் ஒரு நாளேனும் இம்முகாமைக் கொண்டு செல்வோம்.

ஐந்தாவது, முதியோர்க்கு வாரம் இருமுறை சங்க நூலகத்தில் ஒரு கூட்டம். பத்திரிகை படிக்கவும், தமிழில் உரையாடவும், மெல்ல நடக்கவும் வழி செய்வோம். அழைத்துவந்து கொண்டுவிடும் பொறுப்பை இளைஞர் ஏற்க வேண்டுகிறேன்.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. மொழியைக் காக்கவும் கலையை வளர்க்கவும் நாம் இச்சங்கத்தை அமைத்தோம். மொழியைப் பேசுவோரும் கலையைப் போற்றுவோரும் நலமாக இருந்தாலன்றோ அவை வாழும்? ஒருவர் தனியே எடுத்த உறுதி நான்கு நாளில் தளரக்கூடும். பத்துப் பேர் சேர்ந்து எடுத்தது வழக்கமாக நிலைக்கும். அவ்வழக்கத்தை இவ்வாண்டிலேயே தொடங்குவோமாக.